யஸ்மக் என்றால் எழுதுவது

ஜூன் 3, செவ்வாய்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதெல்லாம் சுலபம். எனக்குத் துருக்கி மொழி தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரை மணிக்கு, ‘துருக்கி மூலத்திலிருந்து தமிழில்: குஞ்சிதபாதம்’ என்று தொலைக்காட்சியில் என் பெயர் ஓடுகிறது. இரண்டு வருஷமாக ஓடுகிறது. துருக்கிக்கும் எனக்கும் உள்ள ஒரே உறவு, குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் டர்க்கி டவல். மும்பையிலிருந்து யாரோ ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள். அதை வைத்துக்கொண்டு சாலிகிராமத்தில் உட்கார்ந்து நான் அழ வைக்கிறேன்.

பெயரைப் பார்த்தாலே தெரியும் என் லட்சணம். குஞ்சிதபாதம் என்றால் தூக்கிய திருவடி. ஐம்பத்து நாலு வயதாகிறது, தூக்கிய காலை இன்னும் எங்கேயும் ஊன்றவில்லை.

வேதா ஊரில் இல்லை. முட்டி வைத்தியத்துக்காகக் கும்பகோணத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்த நாட்குறிப்பு அவள் அலமாரியில் கிடந்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் வைத்திருந்தாள். வீணாகப் போக வேண்டாமே என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு வேறு செய்தி இல்லை.

ஜூன் 9, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

நம் தொடரில் கதாநாயகி ஒரு விபத்திலிருந்து தப்பித்து வந்து காதலன் முன்னால் நிற்பாள். ஒரே ஒரு சொல் சொல்வாள். மும்பைக்காரர்கள் அதை ‘நான் மரணம் எழுதினேன்’ என்ற பொருளில் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் கொஞ்சம் உதைத்தது. ஆனால் துருக்கிக்காரர்கள் கவித்துவமானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். குரல் கொடுக்கிற பிரிஸில்லா, “சார், கடைசியில அந்தம்மா வாய மூடுது. ‘ம்’ல முடிச்சுக் கொடுங்க” என்றாள். அதனால் ஒருமையைப் பன்மையாக்கி, “மரணத்தையே எழுதினோம்” என்று வைத்தேன். தமிழ்நாடு உருகிவிட்டது. வடபழனியில் ஒரு ஆட்டோவின் முதுகில்கூடப் பார்த்தேன்.

இன்று ஸ்டுடியோவுக்கு ஒரு போன். “குஞ்சிதபாதம் சாரா? நான் காயல்பட்டினத்துலேர்ந்து மகுதூம் நெய்னா பேசுறேன். இஸ்தான்புல்ல பதினெட்டு வருஷம் கல் யாவாரம் பண்ணினவன்.”

கல் என்றதும் ஜல்லி என்று நினைத்தேன். மரகதம், கோமேதகமாம்.

“அந்தப் புள்ளை என்ன சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மூலத்துக்கு விசுவாசமாகத்தான்...”

“ஒலெயஸ்தம். சாகப் பார்த்தேன். அம்புட்டுதான் சார். செத்திருப்பேன், தப்பிச்சேன். நீங்க அவளை மரணத்துக்கு மனு எழுத வச்சுட்டீங்க.”

மனிதர் என்னை விடவில்லை. யஸ்மக் என்றால் எழுதுவது. அதையே இன்னொரு வினையின் வாலில் ஒட்டினால், அந்தக் காரியம் நடக்க இருந்து நடக்காமல் போனது என்று அர்த்தம். துஷெயஸ்தம் என்றால் விழப் பார்த்தேன். வாலில் ஒட்டுகிற யஸ்மக்குக்குப் பழைய துருக்கியில் தவறுவது என்று பொருள். அம்பு விட்டுக் குறி தவறினாலும் அதே சொல், ஆள் நெறி தவறினாலும் அதே சொல்.

“நம்ம தமிழும் லேசுப்பட்டது இல்லையே காக்கா,” என்றேன். (காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தப்பு செய்தவன் முதலில் உறவு கொண்டாட வேண்டும்.) “விழப் பார்த்தேன்கிறோம். விழுந்ததை எந்தக் கண்ணால பார்த்தோம்?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “அப்ப நீங்க பார்க்குறீங்க, அவங்க எழுதுறாங்க. ரெண்டு பேரும் விழல.”

வீட்டுக்கு வந்து இதை வேதாவிடம் சொல்லலாம் என்று செருப்பைக் கழற்றும்போது நினைத்தேன். கழற்றி முடித்ததும் நினைவு வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

கீழ்வீட்டு புவனேஸ்வரி அம்மாள் மாடிப்படியில் மடக்கினார். “இன்னுமா முட்டிக்கு வைத்தியம்? ஏழு மாசம் ஆச்சே.”

“ரெண்டு முட்டி இருக்கே. ஆளுக்கு மூணரை மாசம்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்த அம்மாளுக்கு வரவர நகைச்சுவை உணர்வு குறைந்துகொண்டே போகிறது. அவர் வீட்டில் மருமகள் தனியாகக் குக்கர் வாங்கிவிட்டாள், அந்தக் கவலையாக இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

மச்சினி கோமளம் போன் செய்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை.

“அத்தான், எங்க மாடிப் போர்ஷன் காலியாயிருக்கு. அக்கா அதுக்குப் போறேங்கறா. ஆடி பொறந்தா குடிபோக முடியாது. அதுக்குள்ள பால் காய்ச்சணும்னு சொல்றா. பள்ளிக்கூடத்துலயும் கேட்டிருக்காளாம், காது கேக்காத பசங்களுக்குப் பாடம் எடுக்க.”

“ஆடி எப்போ?”

“ஜூலை பதினேழு. அத்தான், நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவ கேட்டது ஒரே ஒரு வரி. ஏழு மாசமா அதையேதான் கேக்கறா.”

“எழுதறேன்னு சொல்லு.”

“காயிதத்துல எழுதணுமாம். வாட்ஸப்புல வேண்டாமாம். அதுல ஒரு வரி போட்டா பின்னாலேயே மஞ்ச மூஞ்சி ஒண்ணைச் சிரிக்க வச்சு அனுப்புவார்ங்கறா.”

அநியாயம். போன முறை அனுப்பியது அழுகிற மூஞ்சி. கண்ணாடி போடாமல் அழுத்தியதால் சிரித்துக்கொண்டே அழுகிற மூஞ்சி போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

எழுதினேன். கிழித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கா தானாகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஊருக்குத் திரும்பி ஆறு வருஷமாகிறதாம். துருக்கி பேச ஒரு ஆள் இல்லை. வாய் அரிக்கிறது என்கிறார். எனக்குக் காது அரிக்கிறது. பொருத்தம் பரவாயில்லை.

இன்றைக்குச் சரித்திரம். மங்கோலியாவில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. துருக்கி இன மொழியில் கிடைத்திருக்கிற மிகப் பழைய நீண்ட எழுத்து அதுதானாம். அதில் எழுதுவதற்கு யஸ்மக் கிடையாது, வேறு வினை. ‘பித்திதிம்’, நான் எழுதினேன் என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். யஸ்மக் குடும்பத்துச் சொல்லும் அதே கல்லில் இருக்கிறது, ஆனால் குற்றவாளிக் கூண்டில். ஒரு மன்னன் எங்களிடம் தவறு இழைத்தான், அதனால் செத்தான் என்கிற வரியில் அந்த ‘தவறு இழைத்தான்’ இதுதான்.

“பாவத்துக்கு யஸுக்னு பேரு. இன்னிக்குத் துருக்கில அதுவே யஸிக். பாவம்னு அர்த்தம்.”

“செய்யற பாவமா, ‘ஐயோ பாவம்’கிற பாவமா?”

“அந்தக் காலத்துல செய்யுற பாவம். இப்ப ஐயோ பாவம். கிழவி கை தவறிக் கண்ணாடி டம்ளரைப் போட்டாலும் யஸிக்னு உச்சுக் கொட்டுவாங்க.”

தமிழில் ஒரே ‘பாவம்’ இரண்டு வேலையையும் பார்க்கிறது என்பதை நினைத்து நாங்கள் இருவரும் சிறிது நேரம் பெருமைப்பட்டுக்கொண்டோம். தலையெழுத்துக்கும் அங்கே அப்படியே சொல் இருக்கிறதாம். அலின் யஸிசி, நெற்றி எழுத்து. “அவங்களுக்கும் கடவுள் கையெழுத்து அங்கதானா?” என்று கேட்டேன். “இடப் பஞ்சம்” என்றார்.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “நாங்க போடறது தமிழ்க் குரல். அந்தப் பொண்ணு துருக்கில என்ன சொன்னான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சத்தத்தை அணைச்சிருவேன் சார். வாயை மட்டும் பார்ப்பேன். பழகின பாஷை வாயிலயே தெரியும். மீசை வச்ச நடிகன் வந்தா மட்டும்தான் கஷ்டம், உதடு மறைஞ்சிரும்.”

போனை வைத்ததும் மீசையைத் தடவிப் பார்த்தேன். இங்கிருந்து போவதற்கு முந்தைய ஒரு வருஷமாக வேதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் நம் மேல் இப்படி ஒரு மோகமா என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மீசையை நறுக்குங்கள், நறுக்குங்கள் என்று தொந்தரவு செய்தாள். நான் நறுக்கவில்லை. ‘மீசைக்கு வந்த மோசம்’ என்று பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு.

ஜூன் 23, திங்கள்

மீசையை எடுத்துவிட்டேன். பிரிஸில்லா, “யார் சார் நீங்க?” என்றாள். தமாஷுக்குத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

முட்டி வைத்தியம் இல்லை. அதை எல்லாரும் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். புவனேஸ்வரி அம்மாள் உட்பட.

போன வருஷம் ஆவணியில் காது டாக்டரிடம் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வேதா ரிப்போர்ட்டை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்கு ஆக்கிவிட்டாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க. கோமளத்துக்குக்கூடத் தெரிய வேண்டாம்,” என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

சொல்லவில்லை. எழுதினேன்.

வாரா வாரம் பத்திரிகையில் என் பத்திக்கு விஷயம் வேண்டும். பதினொரு வருஷமாக அவள் சமையலையும் அவள் தூக்கத்தையும் அவள் அம்மாவையும் எழுதித் தீர்த்துவிட்டேன். அந்த வாரம் ஒன்றும் இல்லை. ‘மாவு அரைச்சாச்சா?’ என்று நான் கேட்டதை அவள் ‘மாமா வராரா?’ என்று எடுத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்க மாமாவுக்காக வடை பாயசத்தோடு சமைத்து வைத்த கதையை எழுதினேன். தலைப்பு, ‘வீட்டுக்கு ஒலிபெருக்கி தேவை’. அப்படி ஒரு சிரிப்பு அந்தப் பத்திரிகையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. பத்திரிகையே அப்புறம் நின்றுபோயிற்று.

ஐப்பசியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா மகன், அவள் காதருகே குனிந்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, “மாமா வராரா?” என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவர்கூடச் சிரித்தார். வேதாவும் சிரித்தாள். என்னவென்று தெரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள். அப்புறம் எதிர் வரிசையில் இருந்த என் வாயைப் பார்த்தாள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் போன ஊரிலேயே தங்கிவிட்டாள். ஒரு பெட்டிதான் கையில் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சாம்பார் வாளி நன்றாக வந்திருக்கிறது. இப்படித் தோன்றுகிறதே, இதுதான் வியாதி.

ஜூலை 3, வியாழன்

ஒரு கண்டுபிடிப்பு செய்திருக்கிறேன். காலையில் வெந்நீர் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் அடிப்பிடித்த பிறகு உதித்தது.

யஸ்மக் என்றால் எழுதுவது. யஸ்மக் என்றால் தவறுவது. அப்படியானால் எழுதுவதும் தவறுவதும் ஒரே வேரில் முளைத்தவை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே, குதிரை மேல் திரிந்த ஒரு ஜனம் இதைக் கண்டுபிடித்து வினைச்சொல்லாகவே செய்து வைத்துவிட்டது. எழுதுகிறவன் எவனானாலும் தவறுவான். அவன் குற்றமில்லை, தொழிலின் குற்றம். அம்பை விட்டவன் குறியையா பார்த்தான், சத்தத்தைத்தானே கேட்டான்.

ஏழு மாசமாக வராத வார்த்தை இப்போது குழாயைத் திறந்த மாதிரி வருகிறது.

ஜூலை 6, ஞாயிறு

காக்காவிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் உற்சாகப்படவில்லை. பதினோராம் நூற்றாண்டில் ஒரு அகராதிக்காரர் பாக்தாதில் உட்கார்ந்து துருக்கிச் சொற்களையெல்லாம் தொகுத்தாராம். அதில் யஸ்மக்குக்கு முடிச்சை அவிழ்ப்பது என்றும் பொருள் இருக்கிறதாம். எழுதுவது என்பது அந்த அவிழ்ப்பதிலிருந்து, விரிப்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றார்.

முடிச்சு எனக்கு உபயோகப்படாது. பேச்சை மாற்றினேன்.

“வீட்டுல மதினி என்ன சொல்றாங்க, உங்க துருக்கிப் படிப்பைப் பத்தி?” என்று கேட்டார்.

“முட்டி வைத்தியத்துக்குப் போயிருக்கா,” என்றேன். பழக்க தோஷம்.

ஜூலை 8, செவ்வாய்

அந்த ஒரு வரியையும் எழுதிப் பார்க்காமல் இல்லை. இன்று ஸ்டுடியோவில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தேன். வசனம் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

‘வேதா, நான் செய்தது தப்பு.’

நாலே சொல். அதற்கு அப்புறம் பேனா தானாக, ‘ஆனால் பாயசம் பிரமாதம்’ என்று போட்டது. அடித்தேன். மறுபடி எழுதினேன். இப்போது, ‘இதை உரக்கச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்’ என்று வந்தது. அதையும் அடித்தேன். மூன்றாவது முறை எதுவும் சேர்க்காமல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். தாள் வெறிச்சென்று இருந்தது. அந்த நாலு சொல்லும் கூட்டமில்லாத பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி நின்றன. என்னால் பார்க்க முடியவில்லை.

மின்சாரம் வந்ததும் பிரிஸில்லா அதே தாளை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் போய்விட்டாள். மறுபக்கம்தான் படித்தாள். இருந்தாலும் வியர்த்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கடிதத்தை விரைவு அஞ்சலில் சேர்த்துவிட்டேன். நாலு பக்கம்.

நான் இதுவரை எழுதியதிலேயே இதுதான் சிறந்தது. மங்கோலியக் கல்லில் ஆரம்பிக்கிறது. செத்த மன்னன், குறி தவறிய அம்பு, பாக்தாத் அகராதி, நெற்றி எழுத்து எல்லாம் வருகிறது. கடைசிப் பக்கத்தில், ‘எழுதுவதும் தவறுவதும் ஒரே வினை என்று தெரிந்திருந்தால் இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே உன்னை எச்சரித்திருப்பேன்’ என்று முடித்திருக்கிறேன். கண் கலங்குகிற மாதிரியும் இருக்கும், உதடு கோணுகிற மாதிரியும் இருக்கும். மீசை எடுத்த சேதியைப் பின்குறிப்பில் சேர்த்தேன்.

சும்மா அளக்கிறேன் என்று நினைத்துவிடப் போகிறாளே என்று சாட்சிக்குக் காக்காவின் நம்பரையும் எழுதினேன். அவள் எங்கே கேட்கப்போகிறாள்.

அஞ்சலக ஜன்னலில் இருந்த பெண், “உள்ள என்ன சார்?” என்றாள். “மன்னிப்பு,” என்றேன். “டாக்குமென்ட்னு போடறேன்,” என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். படுக்கையறை ஜன்னல் கொக்கியைச் சரி செய்தேன். ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மொச்சை வாங்கி ஊறப் போட்டிருக்கிறேன், திரும்பி வரும்போது வீட்டில் ஏதாவது இருக்க வேண்டாமா.

காக்கா இன்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

சேர்ந்துவிட்டது. தபால் இலாகா செய்தி அனுப்பியிருக்கிறது. ‘உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.’ இதைவிட நல்ல வாக்கியம் இந்த வாரம் நான் படிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மொச்சை முளை கட்டிவிட்டது.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். காலையிலிருந்து வாசல் கதவைத் தாழ் போடவில்லை. பதினொரு மணிக்கு காஸ்காரர், மூன்று மணிக்கு யாரோ வீடு மாறி வந்த கூரியர்.

கோமளத்துக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தம். “கொஞ்சம் வேலையா இருக்கேன் அத்தான், மாடில பால் பொங்கப் போறது,” என்றாள். “கடிதம் படிச்சாளா?” என்றேன். “படிச்சா. ரெண்டு தடவை.” பால் பொங்குகிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கை தட்டினார்கள்.

ஜூலை 19, சனி

வேதாவிடமிருந்து அஞ்சலட்டை. அழகான கையெழுத்து, எப்போதும் போல.

‘மாடிக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம். கடிதம் நன்றாக இருந்தது, இரண்டு இடத்தில் சிரித்தேன். மீசையில்லாமல் குளிருமே, பார்த்துக்கொள்ளுங்கள். மகுதூம் அண்ணன் நம்பருக்குச் செய்தி அனுப்பி விசாரித்தேன். எழுதுகிற யஸ்மக்கும் தவறுகிற யஸ்மக்கும் வேறு வேறு வினையாம். அகராதியில் தனித்தனியாகத்தான் இருக்குமாம். ஓசை மட்டும் ஒன்றாம். முதல் நாள் போனிலேயே உங்களிடம் இதைச் சொன்னேன் என்கிறார்.’

சொன்னார். ஜூன் ஒன்பதாம் தேதி, இரண்டு முறை சொன்னார். இந்த நாட்குறிப்பில் நான்தான் எழுதவில்லை.